அண்ணன் மகனுக்கு எந்த ரெஸ்லிங் கேம் கொடுக்கலாம்: 2003 பழசா, புதிய 2கே-யா?

சாமிமலையான்:

எல்லோருக்கும் வணக்கம். தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போகிறேன். அண்ணன் மகனுக்கு ஒரு ரெஸ்லிங் கேம் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். எட்டாம் ஆண்டு படிக்கிறான். ரோமன் ரெய்ன்ஸ், கோடி ரோட்ஸ் என்று எல்லாரையும் சொல்லுவான். யார் எந்தப் பிடி போடுவார், யார் வரும்போது எந்தப் பாட்டு அடிக்கும் எல்லாம் மனப்பாடம். ஆனால் பார்த்ததெல்லாம் அவன் அப்பாவின் போனில், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று துண்டு துண்டாகத்தான்.

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் கடைக்குப் பக்கத்தில் ஒருவர் பிளேஸ்டேஷன் 2 ஒன்றை விற்கிறார். இரண்டு கொன்ட்ரோலர், கூடவே 2003-ல் வந்த ரெஸ்லிங் கேம் ‘ஹியர் கம்ஸ் த பெய்ன்’ சிடி. இன்னொரு பக்கம் என்னுடைய பழைய லெப்டொப் இருக்கிறது. அதில் 2023-ல் வந்த ரெஸ்லிங் கேம் டபிள்யூடபிள்யூஈ 2கே23 ஓடுகிறது, ஓட்டிப் பார்த்தேன். எதைக் கொடுப்பது? மனம் பழையதைத்தான் இழுக்கிறது. எனக்குப் பிடித்ததை அவன் தலையில் கட்டுகிறேனோ என்றும் யோசனை.

நான் அதை ஆடிய கதையைச் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள். மஸ்கெலியா டவுனில் ஒரு சலூனுக்குப் பின்னால் சின்ன அறை. மணிக்கு 40 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை டியூஷன் முடிந்ததும் நாலு பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போடுவோம். கதவைச் சாத்தினாலும் பனி உள்ளே வரும். விரல் விறைத்துப்போய் பட்டன் அழுத்த வராது, கையைத் தொடைக்கு நடுவில் வைத்துச் சூடாக்கிக்கொண்டுதான் முறை வரும்வரை உட்கார்ந்திருப்போம்.

அந்தக் கேமில் உயிர்க்கோடு ஒன்று குறைந்துகொண்டே போகும் சண்டையெல்லாம் இல்லை. ஒவ்வொரு வீரனுக்கும் திரையில் ஒரு சின்ன உடம்புப் படம் இருக்கும். தலை, உடல், கை, கால் என்று பிரிந்திருக்கும். அடிபட்ட இடம் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் சிவந்துபோகும். கர்ட் ஆங்கிளை எடுத்தவன் காலையே குறிவைப்பான், அவருடைய ஆங்கிள் லொக் கணுக்காலைத் திருகுகிற பிடி. ஆகவே எதிரி காலைக் காப்பாற்றிக்கொண்டே ஆட வேண்டும். பன்னிரண்டு வயதில் எங்களுக்கு அது பெரிய யோசனை. ரே மிஸ்டீரியோவை வைத்துக்கொண்டு பிக் ஷோவைத் தூக்கவே முடியாது. ஓடி, ஏறி, குதித்து, வேறு வழி பார்க்க வேண்டும்.

குறை என்னவென்றால் வர்ணனை கிடையாது. அதற்கு முந்தைய 2002 கேமில் இருந்தது, இதில் எடுத்துவிட்டார்கள். கூட்டத்தின் இரைச்சலும் ஏதோ ஒரு பாட்டும்தான். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு பையன் இருந்தான். அவனிடம் பத்து ரூபாய் ஒருநாளும் இருக்காது. ஆனால் கூடவே வருவான். அவன் அப்பா கோயில் திருவிழாவில் மைக் பிடிக்கிற ஆள். ஒரு நாள் இவன் பின்னாலிருந்து அப்பாவின் குரலில் ஆரம்பித்தான்: “தூக்கிட்டான், தூக்கிட்டான், தலைக்கு மேல தூக்கிட்டான்... போட்டான் கீழ! கால் செவந்துபோச்சு, ஐயா, கால் செவந்துபோச்சு, இனி எழும்பி நடக்கறது கஷ்டம்!” அறை முழுக்க நின்றுவிட்டது. சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர் துணியைக் கழுத்தில் கட்டியபடியே வந்து எட்டிப்பார்த்தார். அன்றிலிருந்து அவன் இல்லாமல் நாங்கள் ஆடியதில்லை, அவனுக்குக் கடைசி மேட்ச் எப்போதும் இலவசம். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்.

2கே23-ல் வர்ணனை உண்டு, நல்ல ஆங்கில வர்ணனை. வீரர்களின் முகத்தில் வியர்வை கூடத் தெரிகிறது. ஆனாலும் ஆடி முடித்தபோது எனக்கு நெஞ்சில் ஒன்றும் நிற்கவில்லை. குறை கேமிலா, தனியாக ஆடியதிலா?

பழைய கேம்கடை, ஹட்டன்:

தம்பி, நான் 2005-லிருந்து எட்டு வருடம் கேம்கடை வைத்திருந்தவன். உங்கள் மஸ்கெலியாக் கடையல்ல, ஹட்டனில். இந்த ஒரு சிடிதான் எனக்கு அதிகம் வாடகை சம்பாதித்துக் கொடுத்தது.

கடைக்காரன் கணக்கில் ஒன்று சொல்கிறேன். எந்தக் கேமில் பையன்கள் தோற்றபிறகும் சண்டை போடாமல் மறுபடி காசு போடுகிறார்களோ அது நல்ல கேம். இதில் கடைசி நிமிடத்தில் கூடத் திருப்ப முடியும். எதிராளியின் அடியைச் சரியான நேரத்தில் பிடித்தால் திருப்பலாம், அதற்கு எண்ணிக்கை கிடையாது. பிறகு இந்த 2கே வரிசையில் வந்த 2கே16-ல் அதற்குக் கணக்கு வைத்தார்கள், இத்தனை தடவைதான் திருப்பலாம் என்று. கையிருப்பு தீர்ந்தபிறகு அடி வாங்கிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு பையன் அதை ஆடிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்: “அண்ணே, கைய கட்டிப்போட்ட மாதிரி இருக்கு.” 2கே22-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் 2கே23 ஆட்டத்தில் மோசமானது இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பழையதிலும் எல்லாம் சரி என்று சொல்லிவிடாதீர்கள். பூட்டுப் பிடி விழுந்தால் பட்டனைக் குத்து குத்து என்று குத்த வேண்டும். வேகமாகக் குத்துகிறவன் தப்புவான், யோசித்து ஆடியவன் தோற்பான். என் கடையில் மாதம் ஒரு கொன்ட்ரோலர் அதனாலேயே போனது. திறந்து பார்த்தால் பட்டனுக்கு அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் கிழிந்து, விரல் நகத்தால் கீறினது போல இருக்கும். நீங்கள் வாங்கப்போகிற இரண்டு கொன்ட்ரோலரிலும் நாலு பட்டனையும் தனித்தனியே அமத்திப் பாருங்கள். தளர்ந்து கிடந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

தனியாக ஆடினதுதான் காரணம் என்பது என் எண்ணம். எங்கள் கடையில் தனியாக வந்து, ஒற்றை ஆளாக ஆடுகிற ‘சீசன்’ பகுதியை ஆடியவர்கள் ஒரு மணி நேரத்தில் எழும்பிவிடுவார்கள்.

பண்டாரவளை அக்கா:

இங்கே பெண்கள் யாரும் பேசவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அண்ணன்மார் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நானும் அந்தக் கேமை ஆடினேன். எனக்கு லீட்டா. மூலைக் கம்பத்தில் ஏறி உடம்பை வளைத்துக் குதிக்கிறவள், அவளை எடுத்தால் அண்ணன்மார் பயப்படுவார்கள்.

ஆனால் அதில் பெண்களுக்கென்று வைத்திருந்த ஒரு மேட்ச், எதிராளியின் உடுப்பைக் கழற்றினால் வெற்றி. ஒரு தடவை பெரியண்ணன் தெரியாமல் அதைப் போட்டுவிட்டு, திரையைப் பார்த்ததும் எழும்பி இஸ்தோப்புக்குப் போய்விட்டார். நானும் எழும்பினேன். அப்புறம் பல மாதம் நான் கொன்ட்ரோலரைத் தொடவில்லை. ஆண் வீரனுக்குக் கால் சிவக்கும், கை சிவக்கும், ஒரு பெண் வீராங்கனைக்குத் தோல்வி என்றால் உடுப்பா? அந்தக் கேமை எல்லோரும் புகழும்போது இதை ஒருவரும் சொல்வதில்லை, எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

2019-ல் பெக்கி லின்ச், வருடத்தின் பெரிய ரெஸ்லிங் நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் கடைசி மேட்சில், அதாவது முக்கிய மேட்சில் நின்றார். பெண்கள் அந்த இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. அதே வருடம் வந்த 2கே20-ன் அட்டையிலும் ரோமன் ரெய்ன்ஸுக்குப் பக்கத்தில் அவர் இருந்தார். எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தேன் தெரியுமா? வந்த கேம் ஒரே கோளாறு. ஆட்கள் கயிற்றில் சிக்கித் துடிப்பார்கள், முகம் உருகினது போலத் தெரியும். 2020 ஜனவரி 1 ஆம் திகதி பலருக்குக் கேம் திறக்கவே இல்லை. திகதியை முந்தைய வருடத்துக்கு மாற்றினால் திறந்தது. பெண்களுக்கு இடம் கொடுத்த வருடமா இப்படி வர வேண்டும் என்று அன்று அழுகையே வந்தது. பிறகு வந்தவை எவ்வளவோ மேல். 2கே24-ன் ஒரு பதிப்புக்கு பியான்கா பெலேரும் ரியா ரிப்லியும் மட்டுமே அட்டையில் நின்றார்கள்.

உங்கள் அண்ணனுக்கு மகள் இருக்கிறாளா? இருந்தால் அவளும் பக்கத்தில் உட்காருவாள், அதை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

நோர்வூட் மூணாம் நம்பர் லயம்:

ரெஸ்லிங் எல்லாம் முன்பே பேசிவைத்த முடிவு, அதை ஏன் கேம் ஆடணும் என்று என் வாத்தியார் ஒருவர் கேட்டார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. மாசி மாதம் காமன் கூத்துப் பார்த்தபோது தெரிந்தது. மன்மதன் எரியப்போகிறான் என்று காமன் பொட்டலில் நிற்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ரதி அழும்போது என் அம்மா ஒவ்வொரு வருடமும் அழுகிறார். விடிய விடிய நிற்கிறோம். முடிவு தெரிந்தால் என்ன, எப்படி எரிகிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரெஸ்லிங்கும் அப்படித்தான். தோற்கிறவன் நன்றாகத் தோற்கணும், எதிராளியைப் பெரிய ஆளாகக் காட்டணும். கேம் அதைத்தான் விட்டுவிடுகிறது. சண்டையில் வென்றால் போதும் என்கிறது. நான் பார்த்தவரை ‘ஸ்மாக்டவுன் வெர்சஸ் ரோ 2006’-ல் வந்த மேனேஜர் பகுதிதான் இந்த விஷயத்துக்குக் கிட்டே வந்தது. யாரை யாரோடு மோதவிடுவது, எந்தப் பகையை எத்தனை வாரம் இழுப்பது என்று நாமே முடிவெடுக்கணும். நல்ல மேட்ச் போட்டால் பார்க்கிற ஆட்கள் கூடுவார்கள். 2கே22-ல் அதை மறுபடி கொண்டுவந்தார்கள், 2கே23-லும் இருக்கிறது. ஆகவே நான் புதியதைத்தான் சொல்லுவேன். பையன் தனக்குத் தெரிந்த ஆட்களை வைத்து ஆடட்டும்.

ஒரு எச்சரிக்கை. 2கே22 வந்தது 2022 மார்ச்சில். அந்த மாதக் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. இரவில் கரண்ட் வந்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி முடிக்க எனக்கு மூன்று வாரம் போனது. 2கே23 இன்னும் பெரியது, 80 ஜிபி இடம் கேட்கும். கொழும்பிலேயே எல்லாம் இறக்கி, எல்லா அப்டேட்டும் போட்டுக் கொண்டுபோங்கள். தோட்டத்தில் சிக்னலை நம்பாதீர்கள். காசு கொடுத்து வீரர் படச் சீட்டுகளைத் திறக்கிற ‘மைஃபேக்‌ஷன்’ பக்கம் பையனை விடவேண்டாம்.

சாமிமலையான்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, அண்ணனுக்கு மகளும் இருக்கிறாள், ஆறாம் ஆண்டு. நீங்கள் சொன்ன மேட்ச் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. அறையில் நாங்கள் பையன்கள் மட்டும் இருந்ததால் அதைப் பற்றி யோசித்ததே இல்லை என்பது இப்போது புரிகிறது. வருத்தமாக இருக்கிறது. நோர்வூட் நண்பர் சொன்ன கூத்துக் கதையை இரண்டு தடவை வாசித்தேன்.

இரண்டையும் கொண்டுபோகிறேன். லெப்டொப்பில் அவர்கள் இரண்டு பேரும் பெக்கியையும் ரோமனையும் வைத்து ஆடட்டும். மேனேஜர் பகுதியை நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். பிளேஸ்டேஷனை டிவியில் மாட்டுவது அண்ணனுக்காக. கொழுந்து ஏற்றும் லொறியில் போய் இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவார். அந்தக் காலத்தில் என்னோடு பத்து ரூபாய் போட்ட நாலு பேரில் அவரும் ஒருவர், எப்போதும் அண்டர்டேக்கர்தான் எடுப்பார்.

அதில் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. கேமில் அண்டர்டேக்கர் மோட்டார் சைக்கிள்காரராகத்தான் வருவார். தொப்பி போட்ட பழைய அண்டர்டேக்கரை ஆடி ஆடிச் சேர்த்த கேம் காசில்தான் திறக்க வேண்டும். நாங்கள் அதற்காக ஒரு மாதம் ஆடினோம். திறந்த அன்று சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் மெமரி கார்டில் இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. அண்ணன் அன்று சாமிமலை வரைக்கும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் ஏலெவல், வேலை என்று நாங்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

பழைய கேம்கடை, ஹட்டன்:

கரண்ட் போய் என் கடையிலும் இரண்டு கார்ட் அழிந்தது. அதற்குப்பிறகு எல்லாவற்றையும் இன்னொரு 8 எம்பி கார்டில் படியெடுத்து வைப்பேன். அதில் ஒன்று இன்னும் மேசை லாச்சியில் இருக்கிறது. தொப்பிக்காரர் உட்பட எல்லோரும் திறந்தபடி. உங்களுக்குத் தருகிறேன், காசு வேண்டாம்.

ஒன்று மட்டும் பாருங்கள். சிடியின் மேல் ஒரு எண் இருக்கும். எஸ்எல்ஈஎஸ் என்று தொடங்கினால் ஐரோப்பியப் பதிப்பு, எஸ்எல்யூஎஸ் என்றால் அமெரிக்கப் பதிப்பு. ஒன்றில் சேவ் செய்தது மற்றதில் திறக்காது. என்னுடையது எஸ்எல்ஈஎஸ்.

சாமிமலையான்:

இப்போதுதான் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எஸ்எல்ஈஎஸ் தான்! ஒரு கொன்ட்ரோலரில் வட்டப் பட்டன் தளர்ந்திருந்தது, விலையில் குறைத்துக்கொண்டார். வெள்ளி இரவு பஸ், விடியும்போது ஹட்டனில் இறங்குவேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் எங்கே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று உள்பெட்டியில் சொல்லுங்கள் அண்ணே. வர்ணனை சொன்ன பையன் இப்போது கட்டாரில் இருக்கிறான். சனிக்கிழமை இரவு அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு வீடியோ கோல் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த நேரம் டியூட்டியை மாற்றிக்கொள்வதாகச் சொன்னான்.