அம்மா, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சிரிக்க ஒரு மாயாஜாலப் படம் சொல்லுங்களேன்

நகரிக்காரன்:
அம்மாவுக்கு 70 வயது, பெண்ணுக்கு 11, பையனுக்கு 6. பொங்கல் லீவில் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க ராஜா, ராட்சசன், மந்திரம் எல்லாம் இருக்கிற சிரிப்புப் படம் வேண்டும். போன தடவை பூதம் வந்ததுமே சின்னவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான், அம்மா பாதியில் எழுந்து போய்விட்டார். பிள்ளைகள் தெலுங்கு மீடியம் வேறு, அம்மாவுக்குத் தமிழ்தான் சரிப்படும்.

புத்தூர் அக்கா:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், மாயாபஜார் போடுங்கள். 1957-ல் கே.வி.ரெட்டி தெலுங்கு, தமிழ் இரண்டிலும் எடுத்த படம், நம்ம பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்த வீடுகளுக்கென்றே எடுத்த மாதிரி இருக்கும். அபிமன்யு தமிழில் ஜெமினி, தெலுங்கில் நாகேஸ்வர ராவ். கடோத்கஜனாக ரங்காராவும் மணப்பெண்ணாகச் சாவித்திரியும் இரண்டிலும் உண்டு. பயமா? அதில் ராட்சசன்தான் நம்ம ஆள். கல்யாணத்துக்குச் சமைத்து வைத்ததை எல்லாம் கடோத்கஜன் ஒருத்தனாகக் காலி பண்ணுவான், லட்டு தானாகப் பறந்து போய் வாயில் விழும், எந்தக் குழந்தை பயப்படும்? அப்புறம் அவன் மணப்பெண்ணாக மாறி உட்கார்ந்திருப்பானே, அங்கே சாவித்திரியைக் கவனியுங்கள். பட்டுப்புடவையில் ஒரு ராட்சசன் நடக்கிற நடை, பார்க்கிற பார்வை. மாப்பிள்ளை காலை ஒரு மிதி மிதிப்பார் பாருங்கள், நான் எத்தனையோ தடவை பார்த்தாச்சு, இன்னும் சிரிப்பு வருகிறது. பிள்ளைகள் லட்டுக்குச் சிரிப்பார்கள், பெரியவர்கள் பணம் போனதும் ஆளே மாறுகிற சம்பந்திகளைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

கொழிஞ்சாம்பாறை:
எங்கள் கேரளப் பக்கம் கேட்டால் மை டியர் குட்டிச்சாத்தான் என்போம். 1984, ஜிஜோ எடுத்த மலையாள 3டி படம். மந்திரவாதியிடம் மாட்டிக்கொண்ட குட்டிச்சாத்தானோடு மூன்று பிள்ளைகள் சேர்ந்துவிடுவார்கள். ஒரு பாட்டுக் காட்சியில் சுவரிலும் கூரையிலும் நடப்பார்கள், செட்டையே சுழற்றி எடுத்தது அது. ஆனால் மந்திரவாதி வருகிற இடங்கள் 6 வயசுக்குக் கொஞ்சம் கனம், அதனால் அக்கா சொன்னதையே முதலில் பாருங்கள்.

நகரிக்காரன்:
கறுப்பு வெள்ளை என்றால் என் பெண் உட்காரமாட்டாளே அக்கா?

புத்தூர் அக்கா:
தெலுங்குப் படத்துக்கு 2010-ல் கலர் ஏற்றி வெளியிட்டார்கள். ஆனால் முதலில் அம்மாவோடு தமிழில் பாருங்கள், மூன்று மணி நேரப் படம், இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டாலும் சரி.

நகரிக்காரன்:
பார்த்தாச்சு அக்கா. வசனம் வருவதற்கு முன்னாலேயே அம்மா சொல்லிவிடுகிறார், பெண் கறுப்பு வெள்ளையை மறந்தே போனாள். சின்னவன் இப்போது வீட்டில் யார் காலைக் கண்டாலும் மிதிக்கிறான்.