டர்பனில் வாஷிங் மெஷின் சரி, ட்ரையருக்கு என்ன அவசரம்?

போன மாதம் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "மனைவியும் கைக்குழந்தையும் வருவதற்குள் வாஷர், துணி உலர்த்தும் ட்ரையர் இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடட்டுமா அண்ணா?" புதிதாக வந்த மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, இப்போதைக்கு வாஷரை மட்டும் வாங்குங்கள்.

ஊரில் மின்சிக்கனத்துக்கு நட்சத்திரம் எண்ணி வாங்கியிருப்பீர்கள். இங்கே லேபிளில் எழுத்துதான். ஏ பக்கம் இருந்தால் சிக்கனம், ஜி பக்கம் போகப் போகச் செலவு. ஏ-யோடு பிளஸ் குறிகள் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் நான் எழுத்தைவிட முக்கியமாகப் பார்ப்பது பிழியும் வேகத்தை. துணியில் தங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 0.6 யூனிட்டுக்கும் மேலான வெப்பம் தேவை. அதே தண்ணீரை டிரம் வேகமாகச் சுழன்று பிழிந்து எடுத்தால் ஆகும் மின்சாரம் சொற்பம். மேலே மூடி உள்ள டாப் லோடர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 சுற்றை ஒட்டித்தான் சுற்றும். 1200 அல்லது 1400 சுற்றுள்ள, முன்பக்கம் கதவு உள்ள ஃப்ரன்ட் லோடர் வாங்கினால் கொடியில் காயப் போட்டாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். விலை கூடத்தான், இருந்தாலும் காசை அங்கே போடுங்கள்.

துவைப்பதில் மின்சாரத்தை அதிகம் தின்பது மோட்டார் இல்லை, தண்ணீரைச் சூடாக்குவது. அன்றாடத் துணிக்கு 30 டிகிரியோ பச்சைத் தண்ணீரோ போதும். குழந்தையின் நாப்கினுக்கு மட்டும் 60 வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டி மின்சாரம் வாங்கும் ப்ரீபெய்ட் மீட்டர் உள்ள வீடாக இருந்தால், 20 இலக்க எண்ணை அடித்து அடித்து ஏற்றும்போது ஒவ்வொரு யூனிட்டின் அருமையும் தானே தெரியும்!

அடுத்து ட்ரையர். டர்பனில் குளிர்காலம்தான் வறட்சி, மே முதல் ஆகஸ்ட் வரை கொடியே போதும். தொல்லை கோடையில், அதாவது இங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மழையும் புழுக்கமும் சேர்ந்து, தைப்பூசத்துக்குத் துவைத்த மஞ்சள் வேட்டி இரண்டு நாளானாலும் ஈரமாகவே தொங்கும். சில காம்ப்ளெக்ஸ்களில் பால்கனியில் துணி காயப் போடவே விட மாட்டார்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள். ஜோஹன்னஸ்பர்க் போகிறவர்களுக்கு என்னைக் கேட்டால் ட்ரையரே வேண்டாம், அந்தக் காற்றுக்கு ஜீன்ஸ்கூட மாலைக்குள் காய்ந்துவிடும்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஹீட் பம்ப் வகை. வெப்பத்தை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் சாதாரண ட்ரையருக்கு ஆகும் மின்சாரத்தில் பாதியோ அதற்கும் குறைவோதான் ஆகும். காய நேரம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான். நான் முதலில் மலிவாகக் கிடைக்கிறதே என்று குழாய் வழியே ஈரக்காற்றை வெளியேற்றும் பழைய ட்ரையர் ஒன்றை வாங்கினேன். குழாயை ஜன்னலுக்கு வெளியே விடச் சோம்பல். ஒரே கோடையில் அந்த அறைச் சுவர் முழுக்கப் பூஞ்சை, பெயின்ட் செலவு ட்ரையர் விலையைத் தாண்டிவிட்டது. எந்த வகையானாலும் பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் நேரமும் மின்சாரமும் ஏறும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

2023-இல் லோட் ஷெடிங் என்ற முறை வைத்த மின்வெட்டால் பட்ட பாட்டை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இப்போது எவ்வளவோ தேவலை. ஆனாலும் கரன்ட் திரும்பி வரும்போது மின்னழுத்தம் எகிறலாம் என்பதால் சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்றை மாட்டுங்கள். நடுவில் கரன்ட் போனால் ஃப்ரன்ட் லோடர் கதவு பூட்டியபடி தண்ணீரோடு நிற்கும். இழுத்து உடைக்காதீர்கள். கீழே ஓரத்தில் சின்ன மூடி இருக்கும். தட்டு ஒன்றை வைத்துவிட்டு மெதுவாகத் திறந்து தண்ணீரை வடியுங்கள்.

ஊரிலிருந்து மெஷினைக் கப்பலில் கொண்டுவரலாமா என்றும் கேட்டீர்கள். இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்கும் நம்மூர் பெரிய மூன்று பின் பிளக் மாதிரியே. ஆனால் பழுதானால் உதிரி பாகத்துக்கு எங்கே போவீர்கள்? ஊரில் யாருக்காவது கொடுத்துவிட்டு வரும்படி மனைவியிடம் சொல்லுங்கள்.