மறுமொழி: ‘அன்கல்ச்சர்டு’ பாக்டீரியா – ‘தட்டேறா’ சரிவருமா?

வணக்கம்.

ஆய்வகத்தில் இதுவரை வளர்த்தெடுக்கப்படாத பாக்டீரியாவைக் குறிக்கும் ‘அன்கல்ச்சர்டு’ (uncultured) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இழையில் வந்த மூன்று சொற்களையும் எழுதி வைத்துப் பார்த்தேன்: பண்படா, வளரா, வளர்க்கவியலா. பண்படுதல் நிலத்துக்கும் மனிதருக்கும் உரியது, அதை விட்டுவிடலாம். மற்ற இரண்டும் பொருளிலேயே தவறு என்று எனக்குப் படுகிறது.

1 கிராம் மண்ணை 9 மில்லி நீரில் கலக்கி, அதில் 1 மில்லியை அடுத்த குழாய்க்கு, அப்புறம் அதற்கடுத்ததற்கு என்று நீர்த்துக்கொண்டே போய், கடைசியில் சில துளிகளை தட்டில் ஊற்றி உறையவைத்த அகார் என்ற சத்துக்கூழின் மேல் பரப்புகிறோம். இரண்டாம் நாளே பேசில்லஸ் வெள்ளையாகப் படர்ந்துவிடும். ஐந்தாம் நாள் வாக்கில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் மாவு தூவியது போல எழும். மூடியைத் திறந்தால் புதுமழையில் நனைந்த மண்ணின் வாசம். அதோடு எண்ணி முடித்துத் தட்டைக் கழித்துவிடுவதுதான் வழக்கம். ஒருமுறை சத்தைக் குறைத்து ஊற்றிய தட்டுகளின் ஓரத்தில் நாடா ஒட்டி ஏழு வாரம் விட்டுவைத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற, குண்டூசி முனையளவு காலனிகள் (பாக்டீரியா பெருகி உண்டாகும் திட்டுகள்). இவற்றை எப்படி ‘வளரா’ என்பது?

நுண்ணோக்கியில் எண்ணினால் ஒரு கிராம் மண்ணில் நூறு கோடி அளவில் செல்கள். தட்டில் வருவது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இந்த இடைவெளிக்கு ஸ்டேலி, கொனோப்கா என்ற நுண்ணுயிரியலாளர்கள் 1985இல் ‘கிரேட் பிளேட் கவுண்ட் அனாமலி’ என்று பெயரே வைத்தார்கள். காரணத்தில் ஒரு பங்கு நம் கைவேலை. பாஸ்பேட்டையும் அகாரையும் சேர்த்து ஆட்டோகிளேவ் செய்தால் (உயர் அழுத்த நீராவியில் கிருமி நீக்கினால்) ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது, தனித்தனியே செய்து பிறகு கலந்தால் காலனிகள் கூடுகின்றன என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண்டுக்கணக்காக நாம் விஷம் கலந்து ஊற்றிவிட்டு, வளரவில்லை என்று பாக்டீரியாவின் மேல் எழுதிவைத்திருக்கிறோம்.

‘வளர்க்கவியலா’வும் நிற்காது. அமெரிக்காவின் மெய்ன் மாநில மண்ணை நீர்த்து, துளைக்கு ஒரு செல் வீதம் ஐச்சிப் என்ற சிறு பலகையில் இட்டு, இருபுறமும் சவ்வு ஒட்டி, மறுபடி மண்ணுக்குள்ளேயே வைத்தார்கள். அப்படி வளர்ந்த எலெஃப்தீரியா டெரே என்ற பாக்டீரியாவிலிருந்துதான் டெய்க்ஸோபாக்டின் என்ற ஆன்டிபயாடிக் கிடைத்தது. அதை அறிவித்த ஆய்வுக் கட்டுரை வந்தது 2015இல். அதற்கு முந்தைய ஆண்டு கலைச்சொல் பட்டியலில் அதை ‘இயலா’ என்று போட்டிருந்தால் மறு ஆண்டே அடித்துத் திருத்த வேண்டியிருந்திருக்கும்.

என் முன்மொழிவு: தட்டேறா. ‘அச்சேறாத சுவடி’ என்கிறோம். அச்சிட முடியாது என்று அதற்குப் பொருள் இல்லை, இன்னும் அச்சுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதே போலத் தட்டேறாப் பாக்டீரியா. வளர்ந்த பின் தட்டேறிய பாக்டீரியா. எழுதும்போது ஒற்று மிகும், ‘செல்லாக்காசு’ போல.

ஒரு குறை இருக்கிறது. கடலில் வாழும் பெலஜிபாக்டர் 2002இல் நீர்ம ஊடகத்தில் வளர்க்கப்பட்டது, அகார் தட்டில் அல்ல. ஆகவே எந்த ஊடகத்திலும் இதுவரை வளர்க்காதவற்றை ‘வளர்ப்புக்கு வராதவை’ என்று சொல்லி, தட்டில் எழாதவற்றுக்கு மட்டும் ‘தட்டேறா’வை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கடல் நுண்ணுயிரியில் வேலை செய்பவர்கள் இந்தப் பிரிவு போதுமா என்று சொல்லுங்கள்.