டிசிசிக்கு மாற்றிய பழைய ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் வளைவில் நின்றுவிடுகிறது

டிசிசி என்பது தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பி மாடல் ரயிலை ஓட்டும் முறை. அந்தக் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் டிகோடர் வைத்த பிறகு என் பழைய மாடல் எஞ்சின் சில நிமிடம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வளைவில் திரும்பும்போது அப்படியே நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி கிளம்பும்.

ஓஓ அளவு (1:76), 1970களின் கடைசியில் வந்த ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன். மோட்டார் எஞ்சினில் இல்லை, பின்னால் டெண்டரில் (நிலக்கரிப் பெட்டியில்). வட்டமான ரிங்ஃபீல்டு வகை. இதில் ஒரு பிரஷ் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) உலோகச் சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும், அதுதான் பெரிய தலைவலி. அதைப் பிரித்துவிட்டேன். சிவப்பு, கறுப்பு வயர்கள் தண்டவாளப் பக்கம். ஆரஞ்சு, சாம்பல் பிரஷ்களுக்கு. மல்டிமீட்டரில் பார்த்தால் பிரஷுக்கும் சட்டத்துக்கும் தொடர்பே இல்லை. பழைய கெப்பாசிட்டரையும் எடுத்தாயிற்று.

கம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசும் சுழலும் பகுதி) படிந்த கறுப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, இடுக்குகளில் இருந்த கரித்தூளைப் பல்குச்சியால் கிளறி எடுத்தேன். புது பிரஷ் போட்டேன். டிகோடர் மோட்டாரின் வேகத்தை உணர்ந்து சீராக்கும் பேக் இஎம்எஃப்பை அணைத்தும் பார்த்தேன். ஓட்டம் இன்னும் திக்கியதே தவிர, நிற்பது நிற்கவில்லை.

மாற்றியது போன மாதம். அதற்கு முன் சாதாரண டிசியில் ஒரு குறையும் இல்லை. 12 வோல்ட்டில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் 1.1 ஆம்பியர் இழுக்கிறது. டிகோடரோ 1 ஆம்பியர்தான், தொட்டால் சுடுகிறது. நான் இருப்பது லெஸ்டரில், உதிரி பாகம் கிடைப்பது பிரச்சினை இல்லை.

2 ஆம்பியர் டிகோடர் போட்டால் போதுமா, இல்லை சிலர் செய்வதுபோல ரிங்ஃபீல்டைக் கழற்றிவிட்டு சிடி டிரைவின் சின்ன மோட்டாரை வைத்துவிடுவதா?