சினிமா பிலிமை ஸ்டில் கேமராவில் போட்டுப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். படப்பிடிப்பில் மிஞ்சியது என்று ஒரு நண்பர் தகர டப்பா ஒன்றைக் கொடுத்தார். மேலே 5219 என்று எழுதியிருந்தது. கோடாக் விஷன்3 சினிமா பிலிம், 500 வேகம் (ஐஎஸ்ஓ), டங்ஸ்டன் வகை, அதாவது மஞ்சள் விளக்கு வெளிச்சத்துக்கானது. 400 அடிச் சுருளில் ஏறக்குறைய 100 அடி மீதம் இருந்தது. 36 படத்துக்கு ஐந்தரை அடி போதும் என்பதால் 18 ரோல் தேறும். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதல் ரோலை எடுத்து முடித்து வழக்கமான லேபில் கொடுத்தேன். என்ன பிலிம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நல்லவேளை, அங்கிருந்தவர் கேசட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியைத் திருப்பிப் பார்த்தார். முதுகுப்பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. "இதை இங்கே போட முடியாதுங்க" என்று உடனே கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அப்போது வருத்தம்தான். விஷயம் புரிந்த பிறகு அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அந்தக் கறுப்பு, ரெம்ஜெட் என்கிற கரித்தூள் பூச்சு. சினிமா கேமராவுக்குள் பிலிம் நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் ஓடுகிறது. கீறல் விழாமலும், உரசலில் மின்பொறி கிளம்பாமலும், வெளிச்சம் பின்னால் பட்டுத் திரும்பி வந்து படத்தைக் கெடுக்காமலும் அந்தப் பூச்சு பார்த்துக்கொள்கிறது. சினிமா பிலிமுக்கான ஈசிஎன்-2 முறையில் முதல் வேலையே இதைக் கழற்றி எடுப்பதுதான். சாதாரண கலர் பிலிமை லேபில் கழுவும் சி-41 இயந்திரத்தில் அதற்கு இடமே இல்லை. கரி, படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் மருந்தில் உதிர்ந்து, ரோலர்களில் ஒட்டி, அடுத்து வருகிறவர்களின் கல்யாண போட்டோ, குழந்தை போட்டோ எல்லாவற்றிலும் ஏறிவிடும். தயவுசெய்து யாரும் சொல்லாமல் கொள்ளாமல் லேபில் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, வீட்டிலேயே கழுவுவது என்று முடிவு செய்தேன். வெளிச்சம் புகாத டேங்கில் பிலிமை ஏற்றி, 40 டிகிரி வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கிக் கொட்டினேன். வெளியே வந்தது மை! பேனா மைப் புட்டியைக் கவிழ்த்தது போல. இரண்டாவது தண்ணீர் சாம்பல் நிறமாக வந்தது, மூன்றாவது தெளிந்துவிட்டது. எல்லாம் போய்விட்டது என்று நம்பி டெவலப்பரை ஊற்றினேன். அதுதான் தவறு.

காய்ந்த பிறகு ஸ்கேன் செய்தால், வானம் முழுக்க அரிசிக் குருணையைச் சிதறவிட்ட மாதிரி வெள்ளைப் புள்ளிகள். நெகட்டிவில் ஒட்டிய கரி, படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. சோடா பூச்சை இளக வைக்கும், ஆனால் கொஞ்சம் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸர் முடிந்து கழுவியதும், வெளிச்சத்திலேயே, ஈரமான மெல்லிய ஸ்பாஞ்சால் பளபளப்பான முதுகுப்பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். அப்புறம் ஸ்பாஞ்சை அலசிவிட்டு இன்னொரு முறை. படம் பதிந்த எமல்ஷன் பக்கம் ஊறிய அப்பளம் போல இருக்கும், விரல் பட்டாலே போச்சு. அப்படித்தான் என் அம்மாவின் கன்னத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈசிஎன்-2வில் சிடி-3 என்கிற டெவலப்பர் மருந்து, 41.1 டிகிரி, 3 நிமிடம். சி-41இல் சிடி-4, 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 நொடி. சி-41இல் கழுவினாலும் படம் வரும், ஆனால் கான்ட்ராஸ்ட் ஏறி நிழல்கள் வேறு நிறத்துக்குச் சாய்ந்துவிடும். சிலருக்கு அது பிடிக்கிறது. எனக்கு இந்த பிலிமின் அழகே, நிழலுக்குள்ளும் விவரம் தெரியும் அந்த மென்மைதான். அதை இழக்க மனம் வரவில்லை, ஈசிஎன்-2 மருந்துக்கே மாறிவிட்டேன். பகலில் எடுப்பவர்கள் ஆரஞ்சு நிற 85 ஃபில்டர் போட்டு லைட் மீட்டரை 320இல் வையுங்கள். இது 3200 கெல்வின் விளக்குக்குச் செய்த பிலிம், ஃபில்டர் இல்லாவிட்டால் எல்லாம் நீலம் பூசிக்கொள்ளும்.

*

அண்ணா, கரியோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாதவர்களுக்கு என் வழி: கறுப்பு-வெள்ளை. கோடாக் டபுள்-எக்ஸ் 5222. 1959இல் வந்தது, இன்றும் கிடைக்கிறது. ரெம்ஜெட் கிடையாது, சாதாரண கறுப்பு-வெள்ளை டெவலப்பரே போதும். பகலில் மீட்டரை 250இல் வைத்தால் போதும்.

நான் பட்ட கஷ்டம் வேறு. கேசட்டில் நானே சுற்றும்போது நடுத்தண்டில் பழைய டேப்பை ஒட்டிவிட்டேன். 36ஆவது படத்தில் லிவரை இழுத்ததும் "டக்" என்று ஒரு சத்தம். பிலிம் தண்டிலிருந்து பிய்த்துக்கொண்டு முழுதாக கேமராவுக்குள் வந்துவிட்டது, திருப்பிச் சுற்ற வழியில்லை. போர்வைக்குள் இருட்டுப் பை, அதற்குள் கேமரா என்று வைத்து, தடவித் தடவியே டேங்கில் ஏற்றினேன். ஒரு படம்கூடப் போகவில்லை! அன்றிலிருந்து இரண்டு பக்கமும் புது டேப் ஒட்டி, இழுத்துப் பார்த்த பிறகுதான் மூடுகிறேன்.

*

ரெம்ஜெட்டை முன்பே எடுத்துவிட்டு விற்கும் சினிஸ்டில் 800டி-யில்தான் நான் தொடங்கினேன். இரவில் விளக்கைச் சுற்றி வரும் சிவப்பு வளையத்தை ஏதோ விசேஷ வித்தை என்று நினைத்திருந்தேன். பூச்சு இல்லாததால் வெளிச்சம் பின்னால் பட்டுத் திரும்புகிறது, அவ்வளவுதான். பிறகு அதே தெருவிளக்கைப் பூச்சோடு இருக்கும் 5219இல் எடுத்தேன். வளையம் இல்லை, பல்புக்குள் இருக்கும் இழை தெரிந்தது. இரண்டு பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

நாம் ஏதோ குறுக்குவழியில் போகிறோம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்டில் கேமராவில் 35 எம்எம் பிரபலமானதே சினிமா பிலிமால்தான். லைகா கேமராவை உருவாக்கிய ஜெர்மானியர் ஆஸ்கர் பார்னாக் 18க்கு 24 மில்லிமீட்டர் சினிமா ஃபிரேமை இரட்டிப்பாக்கித்தான் 24க்கு 36 கொண்டுவந்தார். 1925இல் லைகாவாக அது விற்பனைக்கு வந்தது.

இன்னொன்று. 2025இல் கோடாக் ரெம்ஜெட் இல்லாத விஷன்3 பிலிமை அறிவித்தது. இனி டப்பா கையில் கிடைத்தால், சோடா கரைக்கும் முன் நுனியைத் திருப்பி முதுகைப் பார்த்துவிடுங்கள்.