நாற்பது பிள்ளைகளுக்குப் பறை சொல்லிக்கொடுக்க இத்தனை காகிதமா?

வடசென்னைப் பறை:
வடசென்னையில் ஞாயிறுதோறும் நாற்பது பிள்ளைகளுக்குப் பறையும் கூத்தும் சொல்லிக்கொடுக்கிறோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான குழு. சம்பளம் யாருக்கும் கிடையாது.

போன வருடம் எங்கள் பொருளாளர் வேலை மாற்றலாகிக் கோவை போய்விட்டார். பொதுக்குழு கூட்டிப் புதியவரைத் தேர்ந்தெடுத்துத் தீர்மானமும் எழுதினோம். வங்கியில் கையெழுத்தை மாற்றப் போனால், பொறுப்பாளர் மாறியதைத் தெரிவிக்கும் படிவம் 7-இன் நகலைப் பதிவு அலுவலக முத்திரையோடு கேட்டார்கள். பதிவு அலுவலகத்திலோ, இரண்டு வருடக் கணக்கு பாக்கி, அதை முதலில் தாக்கல் செய்யுங்கள் என்றார்கள். கணக்கு முடிக்க ஆடிட்டருக்கு வங்கி அறிக்கை வேண்டும். அதை வாங்கப் பழைய பொருளாளர் நேரில் வர வேண்டும். பாவம், அவர் மூன்று முறை ரயிலேறி வந்தார். நான்கு மாதம் எங்கள் பணத்தில் ஒரு ரூபாய் எடுக்க முடியவில்லை. ஆடித் திருவிழாவுக்குப் பறைகளுக்குத் தோல் மாற்ற என் கைக்காசைப் போட்டேன். காசு போனால் போகட்டும். அந்த நான்கு மாதமும் ஒத்திகைக்குப் போக வேண்டிய நேரம் ஜெராக்ஸ் கடையில் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

வருடத்துக்கு இரண்டு லட்சம் புழங்கும் குழுவிடமும் பல கோடி புழங்கும் அறக்கட்டளையிடமும் அதே கட்டுக் காகிதத்தைக் கேட்பது எந்த நியாயம்?

மயிலைக் கணக்கர்:
உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் இரண்டு வருடக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டது உங்கள் குழு. அந்தந்த வருடமே கொடுத்திருந்தால் இந்தச் சுற்று வந்திருக்காது. ஊரார் கொடுக்கும் பணம், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு நாடகக் குழு வெறும் 38,000 ரூபாய்க்கு ரசீது இல்லாமல் இரண்டாக உடைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஒருவரும் திருடவில்லை. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கூத்து ரசிகன்:
தோழர், பதிவே வேண்டாம். நாங்கள் பன்னிரண்டு பேர். செலவு வந்தால் ஒருவர் ஜிபே நம்பரைப் போடுவோம், நண்பர்கள் அனுப்புவார்கள். ஆறு வருடமாக ஒரு ஆபீஸ் படி ஏறியதில்லை.

மயிலைக் கணக்கர்:
தம்பி, தயவுசெய்து இதைப் பிறருக்குச் சொல்லாதீர்கள். 1975-ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி, உறுப்பினர் இருபதுக்கு மேல் போனாலோ, வருட வரவு அல்லது செலவு 10,000 ரூபாயைத் தாண்டினாலோ சங்கம் பதிவு செய்தாக வேண்டும். பன்னிரண்டு பேர் என்றாலும் ஒரே ஒரு கூத்துச் செலவில் அந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். அப்புறம், ஒருவரின் சொந்தக் கணக்கில் பணம் விழுந்துகொண்டே இருந்தால், நாளை வரித்துறை அது உங்கள் வருமானமா என்று அவரைத்தான் கேட்கும்.

வடசென்னைப் பறை:
தாக்கல் செய்யாதது எங்கள் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 10,000 ரூபாயைப் பாருங்கள் ஐயா. 1975-இல் அது பெரிய தொகை. இன்று ஒரு மேடைக்கு மைக் செட்டும் விளக்கும் வைத்தாலே தீர்ந்துவிடும். வரம்பு அங்கேயே நிற்கிறது, பணத்தின் மதிப்பு எங்கோ போய்விட்டது.

நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்க வழிசெய்யும் 80ஜி அனுமதி வாங்கினோம். நன்கொடையாளர் விவரத்தை மே 31-க்குள் படிவம் 10பிடியில் ஏற்ற வேண்டும், தவறினால் நாளுக்கு 200 ரூபாய். இட்லிக் கடை அம்மா 100 ரூபாய் கொடுத்தார். அவரிடம் பான் நம்பர் கேட்டேன். பயந்துபோய், "வேண்டாம்பா, நான் கொடுத்ததையே மறந்துடு" என்றார். அடுத்த நிகழ்ச்சிக்கு அவர் வரவே இல்லை.

மயிலைக் கணக்கர்:
அவரிடம் பான் கேட்டிருக்கவே வேண்டாமே! 10பிடி என்பது வரிக்கழிவு கோருபவர்களுக்காக. 100 ரூபாய் கொடுப்பவரின் பெயரும் முகவரியும் எழுதிச் சாதாரண ரசீது கொடுங்கள், போதும். பெயரும் முகவரியும் இருந்தால் அது அநாமதேய நன்கொடை ஆகாது. அவர் வீட்டுக்குப் போய் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

சட்டம் இளகவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025 நிதிச் சட்டத்தில், வருமானம் 5 கோடிக்கு உட்பட்ட அமைப்புகளுக்கு வரிவிலக்குக்கான 12ஏபி பதிவை ஐந்து வருடத்திலிருந்து பத்து வருடமாக்கினார்கள்.

ராயபுரம் அக்கா:
80ஜி-க்கு அந்தச் சலுகையைக் கொடுக்கவில்லையே சார். அதனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அலைவது அலைவதுதான். எங்கள் கோலாட்டக் குழுவில் இந்த வேலை முழுக்க ஒரே ஆள் தலையில், அதாவது என் தலையில். எனக்கு முடியாமல் போனால் குழு நின்றுவிடும். கணக்கு கேட்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஒரே தாளை மூன்று இடத்தில் கேட்கிறார்கள், ஒரு இடம் கொடுத்ததை இன்னொரு இடம் நம்புவதில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

வடசென்னைப் பறை:
ஐயா, நீங்கள் சொன்ன 5 கோடியே என் வாதத்துக்குப் போதும். பெரியது எது, சிறியது எது என்று பிரித்துப் பார்க்க வரிச் சட்டத்துக்குத் தெரிகிறது. சங்கப் பதிவிலும் வங்கியிலும் ஏன் அப்படிப் பார்க்கக் கூடாது? சிறு குழுவுக்கு வருடத்துக்கு ஒரு பக்கக் கணக்கு, பொறுப்பாளர் மாறினால் ஒரே விண்ணப்பம். இதைத்தான் கேட்கிறேன்.

மயிலைக் கணக்கர்:
ஒரே விண்ணப்பம், சரி. அதற்கு நானும் கையெழுத்துப் போடுவேன். ஒரு பக்கக் கணக்குக்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தணிக்கை இருக்க வேண்டும், சிறு குழுவுக்குத்தான் அது அதிகம் வேண்டும். அந்த 38,000 ரூபாய்க் குழுவில் இருந்தவர்கள் இன்றும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

வடசென்னைப் பறை:
அதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை போலிருக்கிறது. இருந்தாலும் ஒரு உதவி செய்யுங்கள். அடுத்த மாதம் எங்கள் பொதுக்குழு. படிவம் 7 கொடுக்கப் போகும்போது கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று இங்கே எழுதுங்கள். இட்லிக் கடை அம்மாவை நாளைக் காலையிலேயே போய்ப் பார்க்கிறேன்.