ஜிமேட் கணிதப் பகுதியில் நேரம் போதவில்லை, பயிற்சித் தேர்வை எப்படி அலசுவது?

எல்லோருக்கும் வணக்கம். எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் கணிதப் பகுதியில் 45 நிமிடத்தில் 21 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். நேரம் பார்க்காமல் போட்டால் பெரும்பாலும் சரியாக வருகிறது, கடிகாரம் ஓட ஆரம்பித்தால் கடைசி நான்கைந்து கேள்விகளைப் படிக்கக்கூட முடிவதில்லை. இதுவரை தவறான விடைகளை மட்டும்தான் திரும்பப் பார்த்தேன். போன வாரம் ஒவ்வொரு கேள்விக்கும் ஆன நேரத்தைக் குறித்து வைத்தபோதுதான் தெரிந்தது, சரியாகப் போட்ட மூன்று கேள்விகளே தலா நான்கு நிமிடம் தின்றிருக்கின்றன! இவற்றையும் பிழைக் குறிப்பேட்டில் எழுத வேண்டுமா? அப்புறம், ஒரு கேள்வியை எந்தக் கட்டத்தில் ஊகித்துவிட்டு நகர்வது என்று எப்படிப் பழகினீர்கள்? கடைசியில் மூன்று விடைகள் வரை மாற்றலாம்தான், ஆனால் அதற்கு நேரம் மிஞ்ச வேண்டுமே. இந்தச் சிக்கலைத் தாண்டி வந்தவர்கள் உங்கள் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.